கரையை வெட்ட மறுத்த கம்பெனி

மருந்துக் கம்பெனியில் தரம் பார்ப்பவனுக்கு எல்லாருமே எதிரி, மருந்து உட்பட. என்னைப் போல இதில் மாட்டிக்கொண்டவர்களுக்குச் சொன்னால் புரியும். ஆரணியில் நாங்கள் செய்தது, வாந்திக்கு நாக்கில் வைத்தால் கரைகிற ஸ்டாம்ப் சைஸ் மருந்துத் தாள். மருந்து கலந்த கூழை மெல்லிசாகப் பரப்பி, காயவைத்து, துண்டு போட வேண்டும். துண்டுக்குத் துண்டு மருந்து ஒரே அளவு இருக்கணும். இருந்தால்தானே! மூன்று பேட்ச் குப்பைக்குப் போனது. பட்டு வியாபாரத்திலிருந்து மருந்துக்குத் தாவிய முதலாளி கூப்பிட்டு, "அடுத்ததும் போச்சுன்னா நீங்களும் கிளம்பிடுங்க" என்றார். மகளை அப்போதுதான் ஸ்கூலில் சேர்த்திருந்தேன். அந்த மருந்து எனக்கே தேவைப்பட்டது.

சூடு

காயவைக்கும் அறை ஏழுமலை பொறுப்பு. சூட்டை உச்சத்துக்கு ஏற்றிவிட்டு மனுஷன் டீ குடித்துக்கொண்டிருந்தார். தாள் முழுக்கக் குமிழ். குமிழ் இருக்கிற இடத்தில் மருந்து எப்படிய்யா இருக்கும் என்று கத்தினேன்.

"ஜல்தியா காயட்டும்னு ஏத்துனேன் சார். குமிழு வந்தா இன்னா, அப்பளத்துல வரல?"

சாப்பாட்டு நேரம்

கூழைக் கலக்கும் மோட்டாரை மதியம் செல்வி நிறுத்திவிடுவார். மருந்துத் தூள் அடியில் தங்கிவிடும், மேலே வெறும் கூழ். ஏம்மா இப்படி என்றேன்.

"பாவம் சார், காலைலருந்து சுத்திகினே கீது. அதுக்கும் அரை அவர் ரெஸ்ட் வேணாமா?"

கரை

துண்டு போடுகிற குமரேசன் இருபது வருஷம் தறியில் இருந்தவர். பரப்பும்போது கூழ் ஓரத்தில் தடித்துப்போகும், அங்கே மருந்து கூடுதல். இரண்டு பக்கமும் ஒரு விரல் அகலம் வெட்டி எறியச் சொல்லியிருந்தேன். ஒருநாள் குப்பைக் கூடையைப் பார்த்தால், காலி! மூன்று பேட்ச்சிலும் ஓரமெல்லாம் பாக்கெட்டுக்குள்ளேயே போயிருக்கிறது. நான் தலையில் அடித்துக்கொண்டேன். கோபம் என்னவோ அவருக்குத்தான் வந்தது.

"கரையை வெட்டிப் போட்டுட்டா அப்புறம் அது பொடவையா சார்? வெறும் துணி!"

நாலாவது பேட்ச்

சூட்டைக் குறைத்தோம். மோட்டார் நிற்கவில்லை. குமரேசன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கரையை வெட்டினார். முதலாளி வந்து, சோதனைக்கு நடுவிலிருந்து மட்டும் எடுத்தால் போதும் என்று காதைக் கடித்தார். முடியாது சார் என்றேன். வேலை போனால் போகட்டும் என்று ஆரம்பம், நடு, ஓரம், கடைசி என்று எல்லா இடத்திலும் எடுத்தேன். எல்லாத் துண்டிலும் மருந்து ஒரே அளவு! சந்தோஷத்தில் குமரேசனைக் கட்டிப்பிடித்துவிட்டேன். ரிப்போர்ட்டோடு முதலாளி அறைக்கு ஓடினேன். இரண்டு தடவை படித்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"சூப்பருங்க! இனிமே தப்பே வராதில்ல? அப்போ நீங்க எதுக்குங்க?"

இப்போது சேத்துப்பட்டுப் பக்கம் ஒரு பிஸ்கட் கம்பெனியில் தரம் பார்க்கிறேன். எதையும் முழுசாகச் சரிபண்ணிவிடக் கூடாது என்பதில் மட்டும் படு கவனம்.