ஊதிவிட்டு ஓட்டியவர்

ஜெர்மனியில், வுப்பர்டாலில் ஒரு கலியாணம் முடிந்து பான் நகருக்குத் திரும்ப, பிரான்சுக்குப் போகிற ஒருவரின் காரில் இடம் கிடைத்தது. ஒட்ட வெட்டிய நரைமுடி, கசங்காத வெள்ளைச் சட்டை. தண்ணீரால் இரண்டு முறை வாய் கொப்பளித்துவிட்டு, ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் தொங்கிய கறுப்புக் கருவியில் ஊதினார். பிறகுதான் கார் ஸ்டார்ட் ஆனது.

"குடிச்சிட்டுக் கார் ஓடிப் பிடிபட்டனான் தம்பி. பிரான்சில கோர்ட்டுதான் இதைப் பூட்டச் சொன்னது," என்றார், நான் கேட்காமலே.

பாதி வழியில் கலியாண வீட்டில் தந்த கேக் பொட்டலத்தைப் பிரித்து அவரிடம் ஒரு துண்டு நீட்டினேன். அவர் அதை விழுங்கவும் கருவி கூவவும் சரியாக இருந்தது. ஓடும்போதும் இடையிடையே ஊத வேண்டுமாம்.

"கேக்குக்குள்ள பிராண்டியெல்லோ," என்றார்.

எங்கள் இலங்கைக் கலியாணக் கேக்கில் பிராண்டி ஊற்றுவார்கள் என்பதை இருவருமே மறந்திருந்தோம். ஊதும்போது கருவியில் சிவப்பு விளக்கு எரிந்தால் அது பதிவாகி நீதிபதியிடம் போகும். லைசென்ஸ் போகும், அவருடைய டிரைவர் வேலையும் போகும். ஊதுவதற்குச் சில நிமிடங்களே இருந்தன. ஓய்விடத்தில் நிறுத்தி, போத்தல் தண்ணீர் முடியும்வரை கொப்பளித்துத் துப்பினார்.

"நான் ஊதட்டே அண்ணை? நான் இன்னும் கேக் தொடேல்லை."

"நாளைக்கும் ஊத வருவீங்களோ?"

கடைசி நிமிடத்தில் அவரே ஊதினார். பச்சை எரிந்தது.

பானில் என்னை இறக்கிவிடும்போது, "கேக் நல்லா இருந்தது," என்றார். அது குத்தலா, மன்னிப்பா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.