தாடைதான் வலிக்குது

இதயநோய் ஆராய்ச்சிக்காக மலேசியாவின் கிள்ளான் நகரில் வீடு வீடாகச் சென்று தகவல் சேகரிப்பது என் வேலை. அன்று நான்காம் மாடியில் தனியாக இருந்த ஓர் ஆன்டியிடம், "நெஞ்சு வலி வருமா ஆன்டி?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் இல்லம்மா. காலையிலேருந்து தாடைதான் வலிக்குது. பல்லு வலியா இருக்கும் லா."

படிவத்தில் 'இல்லை' என்று குறித்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். காரில் ஏறியபோதுதான், மாரடைப்பு தாடை வலியாகவும் வரலாம் என்று பயிற்சியில் சொன்னது உறைத்தது. படியேறி ஓடினேன். ஆன்டி வியர்வையில் நனைந்து சோபாவில் சரிந்திருந்தார். ஆம்புலன்ஸ் வரும்வரை அவர் கையை நான் விடவில்லை.

மூன்றாம் நாள் வார்டில், "நீ திரும்பி வந்ததாலதான் பொழைச்சேன்மா" என்று அழுதார்.

வலிக்கிறது என்று அவர் சொன்னபோது நான் படிவத்திலிருந்து தலையைக்கூட நிமிர்த்தவில்லை. அதை அவரிடம் சொல்ல இன்றுவரை எனக்குத் தைரியம் வரவில்லை.