மேஜர் ஐயாவின் பதக்கமும் அப்பா சுமந்த பழியும்

அப்பா எங்களை விட்டுப் பிரிந்து இன்றோடு ஓராண்டு நிறைகிறது. ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டுக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் எங்கள் வணக்கம். இதை எழுத உட்கார்ந்தபோது, "நல்லத மட்டும் எழுதுத்தா, பழசக் கிளறாத" என்று சித்தப்பா சொன்னார். மன்னிக்க வேண்டும் சித்தப்பா, பழசைக் கிளறத்தான் எழுதுகிறேன். ஏழு ஆண்டுகள் அப்பாவுக்குக் கொடுத்த வாக்கால் வாய் மூடியிருந்தேன். அதன் பிறகும் அப்பா மனம் நோகும் என்றுதான் மூடியிருந்தேன். இனி மூடியிருக்கக் காரணம் எதுவும் இல்லை.

அப்பா சுந்தரபாண்டியத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தில் நான்காவது பிள்ளையாகப் பிறந்தார். தாத்தா சீக்கிரமே காய்ச்சலில் இறந்துபோக, பெரியப்பாக்கள் வயலில் உழைத்து அப்பாவை ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் படிக்க அனுப்பினார்கள். பள்ளிக்கூடம் முடிந்த கையோடு டைப்ரைட்டிங் கற்றார். பதினெட்டு வயதில் ராணுவத்தில் சேர்ந்தார். டைப் அடிக்கத் தெரிந்ததால் அவரைக் கம்பெனி கிளார்க்காகப் போட்டார்கள். "துப்பாக்கியத் தொடாத பட்டாளத்தான்" என்று நம் உறவிலேயே சிலர் கேலி பேசியது எனக்குத் தெரியும். எழுபத்தொன்றாம் ஆண்டுப் போரில் அந்தக் கிளார்க்கும் மேற்கு எல்லையில் பதுங்குகுழியில்தான் இருந்தார். கம்பெனி என்ற அந்தப் படைப்பிரிவில் இருந்த நூற்றுச் சொச்சம் பேரின் நம்பரும் பெயரும் சொந்த ஊரும் அவருக்கு மனப்பாடம். கடைசி மாதங்களில் என் பிள்ளைகளின் பெயர்களை மாற்றி மாற்றிச் சொன்னவர், அந்த நம்பர்களில் ஒன்றைக்கூடத் தப்பாகச் சொல்லவில்லை.

அந்தக் கம்பெனியை நடத்தியவர்தான் மேஜர் ஐயா. ராஜபாளையத்துக்காரர், தெலுங்கு பேசும் பெரிய குடும்பத்தில் பிறந்தவர். போரில் வீர் சக்ரா பெற்றவர். அப்பா ஹவில்தாராக ஓய்வு பெற்று வந்து தேரடிப் பக்கம் நான்கு மெஷின்களோடு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் ஆரம்பித்தபோது, மேஜர் ஐயா மாதம் ஒரு முறையாவது வந்து உட்கார்ந்து பேசிவிட்டுப் போவார். அவருடைய மனைவி முன்பே போய்விட்டார், பிள்ளைகள் இல்லை. எண்பத்தாறில் மாரடைப்பால் அவரும் போய்ச் சேர்ந்தார். அப்பா அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

இரண்டு மாதம் கழித்து மேஜர் ஐயாவின் தம்பி ஆள் அனுப்பினார். ஊரில் அவரைச் சின்னவர் என்பார்கள். நானும் அப்படியே எழுதுகிறேன். அண்ணனின் படத்தைத் திறந்து வைத்து, பக்கத்தில் கண்ணாடிப் பெட்டியில் அவருடைய பதக்கங்களை வைக்க வேண்டும். எது என்ன பதக்கம் என்று பார்த்துச் சொல்ல அப்பா வர வேண்டும் என்று கேட்டிருந்தார். என் கையெழுத்து நன்றாக இருக்கும். பெயர் அட்டை எழுத அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு போனார். அப்போது எனக்கு இருபது வயது.

ஒரு பிஸ்கட் டப்பாவில் பதக்கங்கள் கலந்து கிடந்தன. சின்னவர் டப்பாவை மேஜையில் வைத்துவிட்டு, காபி சொல்லிவிட்டு வருவதாக உள்ளே போனார். அப்பா ஒவ்வொன்றாக எடுத்துத் துடைத்து, நாடாவின் நிறத்தைப் பார்த்து, ஓரத்தில் வெட்டியிருக்கும் எழுத்தை வெளிச்சத்தில் திருப்பிப் படித்து, வரிசையாக அடுக்கினார். சின்னவர் திரும்பி வந்ததும், தங்க முலாம் பூசிய பெரிய பதக்கம் ஒன்றைக் காட்டி, "இதுதானே பெரிசு? இத நடுவுல வைங்க" என்றார்.

"இது துப்பாக்கி சுடுற போட்டியில குடுத்ததுங்க. இத இந்த வரிசையில வைக்கக் கூடாது" என்றார் அப்பா. பிறகு வட்டமான ஒரு பதக்கத்தைத் தனியே நகர்த்தினார். "இது மேஜர் ஐயாவோடது இல்லைங்க. போருக்குப் போன எல்லாருக்கும் குடுத்த சங்கிராம் மெடல். ஓரத்துல பாருங்க, சிப்பாய் வேலுச்சாமின்னு வெட்டியிருக்கு. வத்திராயிருப்புப் பையன். சண்டையில செத்துப் போயிட்டான்."

"அவன் மெடல் இங்க எப்படி வந்துச்சு?"

"அதுதான் எனக்கும் தெரியல. அதவிட முக்கியம், வீர் சக்ராவைக் காணோம். பாதி கருநீலம், பாதி காவி, நாடா மட்டும் கிடக்கு. மெடல் இல்ல."

சின்னவர் டப்பாவைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பிறகு சொன்னதை நான் இன்றைக்கும் மறக்கவில்லை. "அண்ணன் போன பொறவு இந்த டப்பாவ யாரும் தொடல. நான் செத்த நேரம் உள்ள போனேன். நீங்கதான் தொட்டிருக்கீங்க."

டிரைவரைக் கூப்பிட்டார். போரில் அவர் அண்ணனோடு பதுங்குகுழியில் இருந்த மனிதரைக் கையைத் தூக்கி நிற்கச் சொல்லி, சட்டைப் பையையும் வேட்டி மடிப்பையும் தடவிப் பார்க்க வைத்தார். என் பையைக் கவிழ்த்துக் கொட்டினார்கள். எதுவும் கிடைக்கவில்லை. கிடைக்காததால் சந்தேகம் போய்விட்டதா? இல்லை. "வேற யாருகிட்டயோ குடுத்து அனுப்பிட்டான்" என்றார்.

கிளம்பும்போது அப்பா ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "வேலுச்சாமியோட அம்மா இன்னும் இருக்காங்க. அந்த மெடலயாவது குடுங்க, அவங்ககிட்டச் சேத்துடுதேன்."

"ஒண்ணு போச்சு. இன்னொண்ணையும் தூக்கிட்டுப் போகலாம்னு பாக்கியா?"

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அப்பாவும் நானும் வத்திராயிருப்புக்கு பஸ் ஏறினோம். மகனின் பதக்கம் எங்கே இருக்கிறது என்ற தகவலையாவது அந்தத் தாயிடம் சொல்ல வேண்டும் என்று அப்பா துடித்தார். வேலுச்சாமியின் அம்மா பெயர் குருவம்மாள். மகள் பேச்சியம்மாளோடு, தென்னந்தோப்பை ஒட்டிய ஓட்டு வீட்டில் இருந்தார். அப்பா விஷயத்தைச் சொல்லி முடிக்கும் முன்பே அவர் எழுந்து போய், சாமி படத்துக்குப் பின்னாலிருந்து ஒரு மஞ்சள் துணி முடிச்சைக் கொண்டுவந்து பிரித்தார். உள்ளே மேஜர் ஐயாவின் வீர் சக்ரா இருந்தது. அப்பா அதைத் திருப்பி ஓரத்தைப் படித்தார்.

"அந்த ஐயா குடுத்தது" என்றார் குருவம்மாள். "எம்மவன் மெடலத் தபால்ல போடாம அவியளே கொண்டாந்தாவ. இதுல என்ன எழுதியிருக்குன்னு கேட்டேன். உங்க மகன் பேருன்னாவ. உங்களுக்கு என்ன குடுத்தாங்கன்னு கேட்டேன். வீரத்துக்குன்னு ஒண்ணு குடுத்தாங்கன்னாவ. அது நீங்க செஞ்சதுக்கா, எம்மவன் செஞ்சதுக்கான்னு கேட்டேன். தலையக் குனிஞ்சிக்கிட்டாவ. பொறவு, உங்க மகன் செஞ்சதுக்குத்தாம்மான்னாவ."

அப்பா தலையை ஆட்டினார். அது உண்மை என்று அவருக்குத்தான் முழுவதும் தெரியும். எதிரியின் மெஷின் கன் கம்பெனியையே எழவிடாமல் அழுத்தி வைத்திருந்தபோது, தவழ்ந்து போய்க் கையெறிகுண்டு வீசி அதன் வாயை அடைத்தவன் வேலுச்சாமி. அங்கேயே விழுந்தான். அதன் பிறகுதான் மேஜர் ஐயாவால் கம்பெனியை நடத்திக்கொண்டு முன்னேற முடிந்தது. வேலுச்சாமிக்கு வீர விருது கொடுக்க வேண்டும் என்று மேஜர் ஐயா எழுதிய பரிந்துரையை மூன்று பிரதிகளாக டைப் அடித்தவரே அப்பாதான். அது மேலே எந்த மேஜையில் நின்றுபோனதோ, எந்தப் பதிலும் வரவில்லை. கம்பெனியை நடத்தியவருக்கு விருது வந்தது. செத்தவனுக்கு எல்லாரோடும் சேர்த்து ஒரு பதக்கம் வந்தது. இதை நினைத்தால் எனக்கு இன்றும் வயிறு எரிகிறது. மேஜர் ஐயாவுக்கும் எரிந்திருக்கிறது.

"மறுவாரம் திரும்ப வந்தாவ" என்று குருவம்மாள் தொடர்ந்தார். "இந்தாங்கம்மா, இது உங்க வீட்லதான் இருக்கணும்னு இதக் கையில வச்சாவ. நான் எம்மவனோடத எடுத்து அவிய கையில குடுத்தேன். அவன் பேரு உங்க வீட்ல இருக்கட்டும், நீங்க அவன மறந்துரக் கூடாதுன்னேன். யாருகிட்டயும் சொல்லாதீங்க, எங்க வீட்ல தெரிஞ்சா வந்து வாங்கிட்டுப் போயிருவாங்கன்னாவ." பிறகு அப்பாவைப் பார்த்து, "நீங்க வாங்கிட்டுப் போவவா வந்திருக்கீய? எம்புள்ள பொணங்கூட எனக்கு வரலயே ஐயா" என்று கேட்டார்.

அந்த இடத்தில் அப்பா ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். 'என்னைத் திருடன் என்கிறார்கள்' என்று சொல்லியிருந்தால், அந்தத் தாய் அப்போதே பதக்கத்தை எடுத்துக்கொண்டு பஸ் ஏறியிருப்பார். அப்பா சொல்லவில்லை. "நீங்க இருக்கிற மட்டும் இது இங்கதான் இருக்கும், தாயி" என்று துணியை மடித்து அவர் கையிலேயே கொடுத்தார். திரும்பும் வழியில் பஸ்ஸில் என்னிடம், "அம்மாகிட்டக்கூடச் சொல்லக் கூடாது" என்று சத்தியம் வாங்கிக்கொண்டார். எனக்கு அப்பா மேலேயே கோபம் வந்தது. அந்தக் கோபத்தை இங்கே மறைக்கப் போவதில்லை.

அதன் பிறகு நடந்தவை உங்களில் பலருக்குத் தெரியும். சின்னவர் போலீசுக்குப் போகவில்லை. போயிருந்தால் விசாரித்திருப்பார்கள். பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னார், அதுவே போதுமானதாக இருந்தது. முன்னாள் ராணுவத்தினர் கூட்டங்களுக்கு அப்பாவை அழைப்பது நின்றது. இன்ஸ்டிட்யூட்டில் படித்த பெண் பிள்ளைகளைப் பெற்றவர்கள் பாதியில் நிறுத்தினார்கள். நான்கு மெஷினில் இரண்டு தூசி படிந்து கிடந்தன. சேத்தூரில் எனக்குப் பேசி முடித்திருந்த சம்பந்தம், வெற்றிலை பாக்கு மாற்றுவதற்கு ஒரு வாரம் முன்பு நின்றுபோனது. "திருட்டுப் பேரு உள்ள வீட்ல எப்படிப் பொண்ணு எடுக்க?" என்று சொல்லி அனுப்பினார்கள். சொல்லிவிட்டுப் போனவர் வெளியாள் இல்லை, நம் சொந்தக்காரர்தான். இந்த மலர் அவர் கையிலும் இருக்கும்.

அன்றைக்கு அம்மா, "நெசமாவே எடுக்கலையில்ல?" என்று அப்பாவிடம் கேட்டார். அப்பா, "எடுக்கல" என்று மட்டும் சொல்லிவிட்டுச் சாப்பிடாமல் எழுந்து போனார்.

ஏழு ஆண்டுகள் இப்படியே போயின. தொண்ணூற்று மூன்றில் குருவம்மாள் படுக்கையில் விழுந்தார். பார்க்க வந்த யாரோ பேச்சுவாக்கில், பதக்கத் திருட்டு என்று அப்பாவின் பெயரைச் சொல்லியிருக்கிறார்கள். அந்த அம்மாள் எழுந்து உட்கார்ந்து கதறினாராம். "என்னாலயா அந்த மனுசனுக்கு இந்தப் பேரு? ஏட்டி பேச்சி, நான் கண்ண மூடுனதும் இதக் கொண்டுபோய் அந்த வீட்ல போடு. எல்லாத்தையும் சொல்லு." பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாளே பேச்சியம்மாள் மஞ்சள் துணியோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். அம்மாவுக்கு உண்மை தெரிந்தது அன்றைக்குத்தான். அப்பாவின் காலடியில் உட்கார்ந்து அம்மா அழுத அழுகையைச் சின்னவர் பார்த்திருக்க வேண்டும்.

அப்பாவும் பேச்சியம்மாளும் நானும் ராஜபாளையம் போனோம். சின்னவர் கூடத்தில் நாலைந்து பேரோடு உட்கார்ந்திருந்தார். பதக்கத்தைப் பார்த்ததும், "இம்புட்டு வருசம் கழிச்சு மனசு உறுத்துச்சாக்கும்?" என்று சிரித்தார்.

"அத எடுத்தது இவிய இல்ல" என்றார் பேச்சியம்மாள். நடுங்காத குரல். தன் அம்மா சொன்னதை ஒன்று விடாமல் சொன்னார். கூடத்தில் இருந்தவர்கள் தரையைப் பார்த்தார்கள். சின்னவர் பதக்கத்தை வாங்கித் திருப்பிப் பார்த்தார், சட்டைப் பையில் போட்டார். உட்காருங்கள் என்று சொல்லவில்லை. தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று சொல்லவில்லை.

கண்ணாடிப் பெட்டி அந்தக் கூடத்திலேயே இருந்தது. துப்பாக்கி சுடும் போட்டிப் பதக்கம் நடுவில் மின்னியது. வரிசை நிறைய வேண்டும் என்று வேலுச்சாமியின் பதக்கத்தையும் மேஜர் ஐயாவின் பதக்கங்களோடு சேர்த்துக் குத்தி வைத்திருந்தார். அது யாருடையது என்று ஏழு ஆண்டுகளுக்கு முன்பே அப்பா அவரிடம் சொல்லியிருந்தார்!

அப்பா வாழ்க்கையில் ஒருமுறைதான் சத்தம் போட்டு நான் கேட்டிருக்கிறேன். "பெட்டியத் திறங்க. செத்தவன் பேரை மறைச்சு வச்சு உங்க அண்ணனுக்கு என்ன மரியாதை வரும்? அவிய இருந்திருந்தா உங்கள வாசல்ல நிக்க வச்சிருப்பாவ!" கூடத்தில் இருந்த ஒரு பெரியவர், "திறந்து குடுத்துருப்பா" என்று தெலுங்கில் சொன்னார். சின்னவர் திறந்தார். அப்பா பதக்கத்தைக் கழற்றி, பேச்சியம்மாளுக்கு எழுத்து வாசிக்க வராது என்பதால், நம்பரையும் பெயரையும் ஓரத்தைத் தடவித் தடவி அவருக்குப் படித்துக் காட்டி, அவர் கையில் கொடுத்தார். அந்தப் பதக்கம் இன்று வத்திராயிருப்பில் இருக்கிறது.

ஊருக்குச் சொல்லலாமே என்று நான் கேட்டபோது, "மேஜர் ஐயா வீட்டு மானம் போகும், விடு" என்றார் அப்பா. எங்கள் வீட்டு மானம் போனபோது யாரும் விடவில்லையே! இருந்தும் அவர் பேச்சை மீறவில்லை. கடைசி ஆண்டில் நுரையீரல் நோய் அவரைப் படுக்க வைத்தது. படுக்கையிலிருந்தும் மாணவர்களின் தாள்களைத் திருத்திக் கொடுத்தார். போன ஆண்டு இதே திதியில், காலையில், எங்கள் எல்லாரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினார்.

நோயில் துணை நின்ற மருத்துவருக்கும், பழிச்சொல் காதில் விழுந்த பிறகும் பிள்ளைகளை நிறுத்தாமல் அனுப்பிய சில பெற்றோருக்கும், அப்பா வாயாலேயே முழு விவரமும் கேட்ட பிறகு "அந்த மனுசனோட மகளக் கட்டிக்கிறது எனக்குப் பெருமை" என்று சொல்லி என்னை மணந்த என் கணவருக்கும், செய்தி கேட்டு முதல் பஸ்ஸிலேயே வந்து, தன் மகன்களை முன்னால் விட்டு அப்பாவின் பாடையைத் தூக்கச் செய்த பேச்சியம்மாளுக்கும் எங்கள் குடும்பம் என்றென்றும் நன்றியுடன் இருக்கும்.

மற்றவர்களுக்கு ஒரு வேண்டுகோள். எங்களிடம் வந்து வருத்தம் தெரிவிக்க வேண்டாம். பஸ் ஸ்டாண்டிலும் டீக்கடையிலும் கல்யாண வீட்டுப் பந்தியிலும் அப்பாவைத் திருடன் என்று சொன்னீர்கள். அந்த இடங்களுக்கே போய், அதே சத்தத்தில், அவர் திருடவில்லை என்று சொல்லுங்கள்.

கண்ணீரோடும் கோபத்தோடும்,
மகள்