டயர் ஏறாத கோலம்

எங்கள் தெருவில் எல்லா வீட்டுக் கோலமும் வாசலில் இருக்கும். எங்கள் வீட்டுக் கோலம் மட்டும் அப்பாவின் காருக்கு முன்னால் இருக்கும். தண்ணீர் தெளித்த ஈரத்தில் அம்மா குனிந்து புள்ளி வைத்து, கோடு இழுத்து நிமிர்வாள். அப்பா சாமி கும்பிட்டுவிட்டு வந்து வண்டியை எடுப்பார். கோலம் டயரில் ஒட்டிக்கொண்டு, சமயநல்லூர் சிமென்ட் ரோட்டில் கொஞ்ச தூரம் வெள்ளைத் தடமாகப் போகும். அம்மா தெருவில் இறங்கி அந்தத் தடத்தையே பார்த்துக்கொண்டு நிற்பாள். முகம் இறுகியிருக்கும்.

பாடுபட்டுப் போட்டது பாழாய்ப் போகிறதே என்று அவள் வேதனைப்படுவதாக நான் முடிவுகட்டியிருந்தேன். அப்போது எனக்கு ஒன்றாம் வகுப்பு. எந்தக் கேள்விக்கும் என்னிடம் விடை இருந்தது, டீச்சர் கேட்பதைத் தவிர.

அப்பா வாடகைக் கார் ஓட்டினார். ஞாயிற்றுக்கிழமை டயர் பார்ப்பார். ஒரு ரூபாய்க் காசை டயரின் பள்ளத்தில் செருகி, எவ்வளவு இறங்குகிறது என்று பார்ப்பதோடு சரி. அதுவும் வெளி ஓரத்தில்தான். உள் ஓரத்தைப் பார்க்கத் தரையில் படுக்க வேண்டும், வேட்டி அழுக்காகும்.

"உள்ளயும் ஒருவாட்டி பாருங்களேன்" என்பாள் அம்மா.

"டிரைவருக்கே டயரப் பத்திப் பாடம் எடுக்குறியாக்கும்?"

அம்மா கூடத்தில் மாட்டியிருந்த மாமாவின் படத்தை ஒருமுறை பார்த்துவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவாள். மாமா அவளுடைய ஒரே தம்பி. மழை நாளில் காரில் போனவர் என்பார்கள். போனவர் ஏன் திரும்பவில்லை என்று எனக்குத் தோன்றியதே இல்லை. படத்துக்கு மாலை போட்டிருந்ததால், ஏதோ போட்டியில் ஜெயித்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அன்று சோழவந்தானில் ஒரு குடும்பத்தை ஏற்றிக்கொண்டு அப்பா கொடைக்கானல் போக வேண்டும். மலையில் நல்ல மழை. அம்மா கோலத்தை முடித்துவிட்டுத் தண்ணீர் பாட்டில் எடுக்க உள்ளே போனாள். எனக்கு இதுதான் சமயம். கோலத்தைச் சுற்றிச் செங்கல் அடுக்கி, அதன் ஓரத்தில் கையை நீட்டி டிராஃபிக் போலீஸாக நின்றேன்.

"ரைட்ல ஒடிச்சுப் போங்கப்பா!"

"ஆகட்டுங்க ஏட்டய்யா" என்று அப்பா சல்யூட் அடித்து, பாட்டிலை மறந்து, ஒடித்துப் போய்விட்டார்.

அம்மா வெளியே வந்தாள். கோலம் ஒரு புள்ளி கலையாமல் இருந்தது. முத்தம் கிடைக்கும் என்று கன்னத்தைத் துடைத்து வைத்திருந்தேன். அதே கன்னத்தில்தான் அறை விழுந்தது.

"யார்றா ஒன்ன இந்த வேல பாக்கச் சொன்னா?"

உடனே போனை எடுத்து அப்பாவைக் கூப்பிட்டாள். குரலில் கோபமே இல்லை. "என்னங்க, கோலத்துல ஏறாமப் போயிட்டீகளே. எனக்குச் சகுனம் சரியாப் படல. வந்து ஒருவாட்டி ஏத்திட்டுப் போயிருங்க."

டயர் என்றால் காது கேட்காத அப்பா, சகுனம் என்றதும் பாதி வழியில் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்தார். "பெரிய ரோதனையாப் போச்சுடி ஒன்னோட" என்றபடியே செங்கலைத் தள்ளிவிட்டுக் கோலத்தின் மேல் ஏற்றினார். முன்சக்கரங்கள் தாண்டியதும் அம்மா கையைக் காட்டி நிறுத்தினாள்.

வலப்பக்கத் தடம் கோடு கோடாக விழுந்திருந்தது. இடப்பக்கத் தடத்தின் உள் ஓரத்தில், இரண்டு விரல் அகலத்துக்குக் கோடே இல்லை. சுண்ணாம்பு பூசியதுபோல் ஒரே வெள்ளை.

"அந்த ஓரத்துல ஒங்க காச வச்சுப் பாருங்க."

அப்பா வெளுத்த சட்டையோடு தரையில் படுத்தார். செருகப் பள்ளம் இருந்தால்தானே? காசு வழுக்கி விழுந்து கோலத்துக்குள் உருண்டது. அவர் அதை எடுக்கவில்லை. மாமா போன கார், தேய்ந்து மழமழத்த டயரோடு மழையில் வழுக்கியது என்பதெல்லாம் எனக்குப் பல வருஷம் கழித்துத்தான் தெரியும். அவர்கள் இருவருக்கும் அப்போதே தெரியும்.

ஸ்டெப்னியை மாட்டி முடித்து, "வந்ததும் புதுசு போட்டுர்றேன்" என்றார் அப்பா, அம்மாவின் முகத்தைப் பார்க்காமல். "வாரேன்."

வண்டியைப் பின்னால் எடுத்து, மறுபடி கோலத்தில் ஏற்றிக்கொண்டு போனார். புதிய தடத்தின் பக்கத்தில் அம்மா குத்தவைத்து உட்கார்ந்து, ஒவ்வொரு கோடாக விரலால் தொட்டுப் பார்த்தாள். பிறகு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

நான் கன்னத்தைத் தடவிக்கொண்டு நின்றேன். இம்புட்டு அழகாகக் கோலம் போடத் தெரிந்த அம்மாவுக்கு, அதைக் காப்பாற்ற மட்டும் தெரியவில்லையே என்று எனக்குப் பரிதாபமாக இருந்தது.