மீசை முறுக்கிய மெஸ்மெரிசக்காரர்

வெள்ளைக்காரன் காலத்தில் கரையான்சாவடியில் ஜட்கா ஓட்டினேன். மூக்குக்கு மேல் கோபம் வரும். பெண்சாதி நச்சரித்ததால், கூடாரம் போட்டிருந்த மெஸ்மெரிசக்காரரிடம் போனேன். பேசும்போதெல்லாம் மெழுகு தடவிய மீசையை முறுக்குவார். பித்தளைக் குண்டை நூலில் ஆட்டித் தூங்கவைத்து, "இனி கோபம் வந்தா உனக்குச் சிரிப்புதான் வரும்" என்றார்.

மறுநாள் வண்டி கிளம்பவில்லை. திட்டினால்தான் என் குதிரை நகரும். எனக்கோ சிரிப்பு. அந்த நேரம் பார்த்து, ஆவடியில் ரயில் பிடிக்க அவரே வந்து ஏறினார்.

"திட்டுய்யா, ரயில் போயிடும்."

"கோவமே வர்ல சாமி, சிரிப்புதான் வந்துகினு கீது."

அவரே எழுந்து நின்று, குதிரையின் முப்பாட்டன் வரைக்கும் இழுத்துத் திட்டினார். மெழுகு இளகி மீசை ஒரு பக்கம் தொங்கியது. குதிரை பறந்தது.

இன்றும் எனக்குக் கோபம் வந்தால் சிரிப்புதான் முந்துகிறது. அது அவருடைய மெஸ்மெரிசமா, அந்த மீசையா என்பதுதான் பிடிபடவில்லை.