சூடான எஞ்சின்

என் அக்கா புருஷனுக்குப் புறங்கைக்காரர் என்று பெயர். பழைய டிராக்டர் வாங்குகிறவர்கள் அவரிடம் காட்டாமல் பணத்தை வெளியே எடுக்க மாட்டார்கள். போனதும் முதல் வேலையாக, காய்ச்சல் பார்ப்பதுபோல எஞ்சின்மேல் புறங்கையை வைப்பார். சூடாக இருந்தால் ஆள் வருவதற்குள் ஓட்டி வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். குளிர்ந்த எஞ்சின் சட்டென்று கிளம்பாது என்பதை மறைக்கிற வேலை அது. பாதி விலையைக் கண்ணை மூடிக்கொண்டு வெட்டிவிடுவார். வீட்டுக்கு ஒரு கிலோ வெங்காயம் பேரம் பேசி வாங்கத் தெரியாது. டிராக்டர் என்று வந்துவிட்டால் கறாரோ கறார். இவரைப் பைக்கில் ஏற்றிக்கொண்டு அலைவது என் தலையெழுத்து.

அன்று விடிந்ததிலிருந்தே தூறல். ஊருக்கு வெளியே ஒரு தனி வீடு. பழைய டிராக்டர்களை வாங்கித் துடைத்து அடுக்கி வைக்கும் ஷெட்டுக்காரர் ஒருவர், கையோடு இழுத்துப்போகத் தன் புது டிராக்டரிலேயே வந்திருந்தார். விற்கிற அம்மாவுக்கு ஐம்பது வயது இருக்கும். கணவர் இறந்து ஒரு வருடம். தகரக் கொட்டகைக்குள் அவருடைய டிராக்டர் பழைய பெயிண்டோடு நின்றது.

மாமா புறங்கையை வைத்தார். எடுத்தார். மறுபடி வைத்தார்.

"யாரும்மா ஓட்டினது?"

"அவர் போனதுக்கப்புறம் யாரும் தொடல."

எனக்கு எரிச்சல். பேட்டரிப் பெட்டியைத் திறந்தேன், காலி. டேங்கில் குச்சியை விட்டுப் பார்த்தேன். சொட்டு டீசல் இல்லை. டயருக்கும் தரைக்கும் நடுவே சிலந்தி வலை கிழியாமல் இருந்தது. நானும் கை வைத்தேன். சுட்டது. எனக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை கிடையாது, பயம் மட்டும் உண்டு.

"சூடா இருக்குல்ல, அப்ப பாதி விலைதானே?" என்றார் ஷெட்டுக்காரர். அவர் கவலை அவருக்கு.

அந்த அம்மா மாமாவைப் பார்த்தார். "பாதியோ காலோ, நீங்க சொல்றதுக்குக் குடுத்துடறேன். ஆனா இன்னிக்கே கொண்டு போயிடணும். விடியறதுக்கு முன்ன இந்த வண்டிச் சத்தம் கேட்டா நான் எழுந்து நிக்கணும், அது அவர் சட்டம். ஒரு நாள் எழுந்துக்கல." மணிக்கட்டை முந்தானையால் மூடிக்கொண்டார். "அவர் செத்தும் நான் எழுந்துக்கிட்டுத்தான் இருக்கேன்."

அதற்குள் அந்தக் கையிலிருந்த தழும்பை நான் பார்த்துவிட்டேன். பார்க்காமல் இருந்திருக்கலாம்.

 மாமா ஷெட்டுக்காரரிடம் திரும்பினார். "ஏமாத்தறதுக்கு ஓட்டியிருந்தா வெட்டலாம். இவங்க ஏமாத்தல. எஞ்சின் பிரிக்காதது, தகரத்துல ஒட்டு இல்ல. ரெண்டு லட்சம். அதுதான் நியாயம்."

ஷெட்டுக்காரர் முணுமுணுத்துக்கொண்டே எண்ணிக் கொடுத்தார்.

கம்பி வடம் கட்டினோம். இழுபடும் வண்டியில் ஸ்டியரிங் பிடிக்க ஓர் ஆள் வேண்டும். நான் அவசரமாகத் தூறலை ரசிக்கப் போய்விட்டேன். மாமாதான் ஏறினார்.

கேட் வரைக்கும் ஒழுங்காக வந்தது. அங்கே நின்றுவிட்டது. வடம் விறைத்தது. புது டிராக்டரின் சக்கரங்கள் சேற்றில் சும்மா சுற்றின.

"பிரேக்க விடுங்க," என்று முன்னாலிருந்து ஷெட்டுக்காரர் கத்தினார்.

"என் கால் அதுல இல்ல," என்றார் மாமா. இரண்டு காலையும் தூக்கிக் காட்டினார். அதுவரை அவர் பயந்து நான் பார்த்ததே இல்லை. கியர் நியூட்ரலில்தான் இருந்தது. பிரேக் பெடல் மட்டும், யாரோ முழு பலத்தோடு மிதித்த மாதிரி, அடிவரைக்கும் அழுந்திக் கிடந்தது.

அந்த அம்மா நனைந்துகொண்டே நடந்து வந்தார். மாமாவைப் பார்க்கவில்லை. பெடலைப் பார்த்துப் பேசினார்.

"தினம் நீங்க கிளம்பறப்ப, இந்தக் கேட்டுல நின்னு 'போயிட்டு வாங்க'ன்னு சொல்வேன். அதுக்குத்தானே நிக்கிறீங்க?"

கேட் ஓரமாக ஒதுங்கி வழிவிட்டார். 

"போங்க."

பெடல் மெல்ல மேலே வந்தது. வண்டி உருண்டு தெருவுக்குப் போனது. அந்த அம்மா கேட்டைச் சாத்தி, உள்ளே தாழ் போட்டார்.