ஜும்ஆ நேரத்தில் கொடுத்த அனுமதி

அந்த வெள்ளிக்கிழமை காலை எங்கள் அலுவலகத்தில் புதிய டிஎன்எஸ் சேர்வரைப் பொருத்தினார்கள். இணையதளப் பெயர்களுக்குரிய எண்ணைத் தேடிக் கொடுக்கும் இயந்திரம் அது. அது நின்றால் எந்தக் கிளையிலும் எதுவும் திறக்காது. பிரிவுத் தலைவர் அதைக் கண்காணிப்பு மென்பொருளில் சேர்த்தார். அனுமதிப் பொத்தானை அழுத்தவில்லை. அனுமதிக்காத இயந்திரத்தை மென்பொருள் கவனிக்காது.

"நான் வரும்வரைக்கும் ஒண்டிலயும் கை வைக்காதீங்க" என்று சொல்லிவிட்டு ஜும்ஆத் தொழுகைக்குப் போனார்.

நான் பிள்ளைப்பேற்று விடுமுறை முடிந்து வந்து இரண்டு மாதம்தான். என் நியமனத்தை நிரந்தரமாக்கும் படிவம் அவர் மேசையில், கையெழுத்துக்காகக் கிடந்தது.

ஆண்கள் எல்லோரும் பள்ளிவாசலில் இருந்தபோது இறக்காமம் கிளையில் வேலை செய்யும், நாங்கள் ராத்தா என்று கூப்பிடும் மூத்த அக்கா ஒருவர் போனில் அழைத்தார்.

"புள்ள, இங்க ஒண்டும் துறக்குதில்ல. சனம் வரிசையில நிண்டு என்னை ஏசுது."

என் கண்காணிப்புத் திரையில் எல்லாம் பச்சை, பழுது எதுவும் காட்டவில்லை. தலைவரை மூன்று முறை அழைத்தேன். குத்பா பிரசங்க நேரம், போன் அணைந்திருந்தது. பொறுத்திருக்கலாமா? பொறுத்திருந்தால் யாரும் என்னைக் குறை சொல்லமாட்டார்கள்.

சேர்வரைப் பார்த்தேன். சேவை நின்றிருந்தது, இயக்கினேன். மறுபடி நின்றால் உடனே தெரியவேண்டுமே என்று கண்காணிப்பு மென்பொருளைத் திறந்தேன். மென்பொருளில் அவர் அதைப் பெயர் போட்டுச் சேர்த்திருந்தார். பெயருக்கு எண் சொல்வதே அந்தச் சேர்வர்தான். அது விழுந்தால் மென்பொருள் அதை எப்படித் தேடிப் போகும்? அந்தப் பதிவை நீக்கினேன். எண்ணைப் போட்டுச் சேர்த்து, ஐந்து தரம் சரிபார்த்து, அனுமதியை அழுத்தினேன். 

தொப்பியைக் கையில் பிடித்தபடி தலைவர் வந்து, என் திரையில் புதிய பதிவைப் பார்த்தார்.

"யாரக் கேட்டுக் கை வெச்ச நீங்க?"

"உங்களக் கேட்கத்தான் கோல் எடுத்தன் சேர். மூணு தரம்."

"புள்ளப் பெத்ததும் பெரிய தைரியம் வந்திட்டு போல. அத எடுத்துட்டு, நான் போட்ட மாதிரியே போடுங்க."

"பேரப் போட்டா, அது விழுந்தா நமக்குத் தெரியவராது சேர். நான் எடுக்க மாட்டன்."

"அப்ப எழுத்தில விளக்கம் தாங்க. படிவத்தப் பொறகு பாப்பம்."

அங்கேயே உட்கார்ந்து எழுதினேன். முதல் சொல்லாக 'மன்னிக்கவும்' வந்துவிட்டது. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன், பிறகு வெட்டினேன். சேர்த்ததும் அனுமதித்ததும் நான்தான், மறுபடியும் அப்படி நடந்தால் அதையே செய்வேன் என்று எழுதி, வெட்டிய சொல் தெரியும்படியே அவரிடம் கொடுத்தேன்.